கோத்தகிரிக் குளிரில் ஒரு மக்கு டிரம்: பிள்ளைகளோடு செய்து பார்த்தது

கரடிக்குப் பயந்துதான் வீட்டுக் குப்பையை டிரம்மில் மக்கவைத்து உரமாக்கும் இந்த வேலையில் இறங்கினோம். கோத்தகிரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மீந்த சோறு, எண்ணெய் வாசம், பழத்தோல் என்று எது வெளியே கிடந்தாலும் ராத்திரியில் தேயிலைத் தோட்டத்தைத் தாண்டி வீட்டு வாசல்வரை வந்துவிடும். ‘சுற்றுச்சூழல்’ என்று நான் வாயெடுத்தால் என் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். “நம்ம குப்பையைத் தேடித்தான் கரடி வருது” என்றதும் இரண்டு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மகள் எட்டாவது, மகன் நாலாவது.

மூடியுள்ள பழைய பிளாஸ்டிக் டிரம் ஒன்றில் அடியிலும் பக்கவாட்டிலும் ஓட்டை போட்டு, செங்கல் மேல் ஏற்றி வைத்தோம். சமைத்த சாப்பாடு, மீன், கறி, எண்ணெய் எதுவும் உள்ளே போகக் கூடாது என்பதுதான் முதல் சட்டம். காய்த்தோல், டீத்தூள் சக்கை, முட்டை ஓடு, காய்ந்த பூ இவ்வளவுதான். ஒரு கிண்ணம் பச்சைக் குப்பைக்கு இரண்டு கிண்ணம் சருகு என்று மகன் கணக்கு வைத்துக்கொண்டான்.

சமவெளியில் எழுதப்பட்ட கம்போஸ்ட் குறிப்புகளை இங்கே அப்படியே நம்ப முடியாது. குவியல் சூடேற வேண்டும் என்பார்கள். ஆனால் உள்ளே பிறக்கும் சூடு தங்க வேண்டுமென்றால் குவியல் நீள அகல உயரத்தில் மூன்றடியாவது இருக்க வேண்டும். வீட்டு டிரம்மில், அதுவும் மார்கழிக் குளிரில், சூடு எங்கே தங்கும்? நுண்ணுயிர்கள் வேலை செய்யும், ஆனால் மெதுவாக. மேட்டுப்பாளையத்தில் என் தங்கை வீட்டுத் தொட்டி மக்கும் வேகத்தைப் பார்த்துவிட்டு வந்த மகளுக்கு எங்கள் டிரம் மேல் கோபமே வந்தது. வேகமாக நடந்தால்தான் பிள்ளைகளுக்கு ஆர்வம் நிற்கும் என்பார்கள். மெதுவாக நடந்ததால்தான் இவர்கள் தினமும் மூடியைத் திறந்து பார்த்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கே பெரிய வில்லன் குளிரல்ல, ஈரம். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் அடித்துப் பெய்யும். ஐப்பசி, கார்த்திகையில் காய்ந்த இலை என்று ஒன்று கண்ணிலேயே படாது. அந்தச் சமயத்தில் டிரம்மைத் திறந்தால் மூக்கைத் துளைக்கும் நெடி. பச்சைக் குப்பையில் நைட்ரஜன் அதிகம். காற்றும் போகாமல் சருகும் போதாமல் போனால் அது அம்மோனியாவாக வெளியே வரும். தச்சுப் பட்டறையில் ஒரு சாக்கு மரத்தூள் வாங்கி வந்து கலந்து, கம்பால் கிளறிவிட்டதும் சரியாகிவிட்டது. அதிலிருந்து மாசி, பங்குனியிலேயே சருகு சேர்த்துச் சாக்கில் கட்டி வைக்கிறோம். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம். இந்தப் பிழிந்து பார்க்கும் வேலையை மகன் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. வெள்ளை வெள்ளையாய் நூல் படர்ந்திருப்பதைப் பார்த்து மகள் முகம் சுளித்தாள். அது பூஞ்சை, நல்ல அறிகுறி என்றேன். மறுநாள் அவளே தம்பிக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

சருகிலும் ரகம் உண்டு. சீகை (வாட்டில்) மரத்து இலை பொடிப்பொடியாக இருப்பதால் சீக்கிரம் கரைந்துவிடும். கற்பூர (யூகலிப்டஸ்) மரத்து இலையில் எண்ணெய் இருக்கிறது, லேசில் மக்காது. சில்வர் ஓக் இலையும் முரட்டு இலைதான், நொறுக்கிப் போட வேண்டும்.

ஊருக்குப் பக்கத்துக் காடான லாங்வுட் சோலையில் நிறையச் சருகு கிடக்குமே, அங்கே போய் அள்ளலாமா என்று மகன் கேட்டான். கூடாது என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் நல்ல கேள்வி. சோலையின் தரையில் மெத்தை மாதிரி கிடக்கும் அந்தச் சருகுதான் மழையை உறிஞ்சிவைத்து, கோடையிலும் ஊற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. சுற்றியுள்ள கிராமங்களுக்குக் குடிதண்ணீர் அங்கிருந்துதான். 116 ஹெக்டேர்தான் இருக்கும், 2024-ல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. “அப்போ அங்க அள்ளினா அவங்க தண்ணியை எடுத்த மாதிரி” என்றான். நாங்கள் ரோட்டோரம் கூட்டித் தள்ளுவதை மட்டும் அள்ளுகிறோம்.

மண் ஒட்டிய உருளைக்கிழங்குத் தோலையும் உள்ளே விடுவதில்லை. இந்தியாவில் உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழுவை முதன்முதலில் கண்டுபிடித்தது இதே நீலகிரியில், 1961-ல். அதன் கூடு மண்ணில் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். எங்கள் டிரம் அதைக் கொல்லும் அளவுக்குச் சூடேறாது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கிழங்கு போடுகிறவர், நம் உரம் அவர் மண்ணுக்குப் போகக்கூடும். சூடேறாததால் தக்காளி விதையும் சாகாமல், உரம் போட்ட இடமெல்லாம் நாற்றாக முளைக்கிறது. அதில் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

அப்புறம் மக்காத குப்பை. நீலகிரியில் பிளாஸ்டிக் தடை, தமிழ்நாடு முழுக்க 2019-ல் வந்த தடைக்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டது. குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் பாட்டிலை வாங்கிவைப்பதை என் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்து பார்க்கிறார்கள். ஆனால் வீட்டுக்குள் வரும் கவர்களை எந்தச் சாவடியும் நிறுத்துவதில்லை. ஒரு மாதக் கவர்களைக் கழுவிக் காயவைத்து, மகள் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்காரர் பால் கவரை எடைபோட்டு எடுத்துக்கொண்டார். சிப்ஸ், பிஸ்கட் கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “இது போகாது பாப்பா” என்றாராம். பால் கவர் முழுக்க ஒரே பாலித்தீன், உருக்கலாம். சிப்ஸ் கவரில் பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் ஒட்டிக் கிடக்கின்றன, பிரிக்க முடியாது. திரும்பி வந்த அந்தப் பையை மகள் சாப்பாட்டு மேஜை மேலேயே வைத்துவிட்டாள். இப்போது வர்க்கியும் மிக்சரும் பேக்கரியிலிருந்து எங்கள் தூக்கில் வருகின்றன. மகன் மட்டும் வாரம் ஒரு சிப்ஸ் பாக்கெட் என்று பேரம் பேசி வாங்கிவிட்டான். அதை நான் தடுக்கவில்லை. எல்லாவற்றையும் தடை போட்டால் வீடும் சோதனைச் சாவடியாகிவிடும்.

மக்கும் குப்பை, மக்காத குப்பை, ஆபத்தான குப்பை என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லி 2016-லேயே அரசு விதிகள் வந்தன. பிள்ளைகளுக்கு அதைப் புரியவைத்தது குப்பை வண்டி அக்காதான். பையை வாங்கும் பொறுப்பு மகனுடையது என்பதால் அவரோடு அவனுக்குப் பழக்கம். ஒருநாள் அவர் கட்டைவிரலில் துணிக்கட்டு. யாரோ ஒரு வீட்டுப் பையில் உடைந்த கண்ணாடி. “அக்கா, கை போட்டுத்தான் பிரிப்பீங்களா?” என்று கேட்டிருக்கிறான். “வேற எதைப் போட்டுப் பிரிக்கிறது கண்ணு?” என்றாராம். அன்று சாயங்காலமே வீட்டிலிருந்த பிளேடு, உடைந்த டம்ளர் எல்லாவற்றையும் பேப்பரில் நாலு சுற்றுச் சுற்றி, மேலே சிவப்பு ஸ்கெட்சில் ‘கண்ணாடி, ஜாக்கிரதை’ என்று எழுதினான். நாப்கினைத் தனியாகப் பேப்பரில் சுற்றி அடையாளம் போட்டுக் கொடுக்க வேண்டும் என்பதை மகளிடம் நான் கூச்சமில்லாமல் பேச முடிந்ததும் அதற்குப் பிறகுதான்.

இப்போதைக்கு முதல் டிரம் உரம் கேரட் பாத்திக்கும் மேரக்காய் (சௌசௌ) கொடிக்கும் போயிருக்கிறது. இரண்டாவது டிரம்மில் மண்புழு விட்டிருக்கிறோம். 15-லிருந்து 25 டிகிரி அதற்குத் தோதான சூடு என்பதால் நம் ஊருக்கு அதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். எலுமிச்சைத் தோலை மட்டும் அதில் போடுவதில்லை. மழைக்கு முன்னால் இன்னும் சருகு சேர்க்க வேண்டும். சீகைக்கும் கற்பூரத்துக்கும் தனித்தனிச் சாக்கு வேண்டும் என்கிறான் மகன். மளிகைக் கடையில் சொல்லிவைத்திருக்கிறோம்.