நாலடித் தொட்டியில் குடித்தனம்

ஜனவரி 7, ஞாயிறு

புதுக் கடல்மீன் தொட்டியில் ஐந்து வாரமாக வெறும் தண்ணீரையும் பாறையையும் வேடிக்கை பார்த்ததற்கு இன்று பலன். தண்ணீர்ச் சோதனையில் மீனைக் கொல்லும் அம்மோனியா சுழி, நைட்ரைட் சுழி, நைட்ரேட் 10. உப்படர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி. இனி மீன் விடலாம்.

தொட்டி நாலடி நீளம், 240 லிட்டர். பாறையும் மணலும் போக, தண்ணீர் 200 லிட்டர் தேறினால் அதிகம். மகள் ஏற்கெனவே ஒரு தாளில் பட்டியல் போட்டு வைத்திருக்கிறாள். ராத்திரி அதைப் பேனாவால் அடிக்கும் வேலை.

முதலில் லயன்ஃபிஷ். வாய்க்குள் அடங்குகிற எதையும் விழுங்கிவிடும். "அப்ப மத்த மீனெல்லாம் பெருசா வாங்கிக்கலாம்ப்பா" என்றாள். வாங்கலாம், ஆனால் அது வேறு தொட்டி. முதுகு முள்ளில் விஷம் வேறு. கையை உள்ளே விடும்போதெல்லாம் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும் ஆள் நான் இல்லை.

அடுத்தது ப்ளூ டாங். கடையில் இரண்டு அங்குலம்தான் இருக்கும். வளர்ந்தால் ஓரடியைத் தொடும், நாளெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கிற சாதி. வண்ணத்துப்பூச்சி மீனையும் அடித்தாயிற்று. பின்னால் பவளம் வைக்கிற ஆசை இருக்கிறது, அது பவளத்தைக் கொறிக்கும்.

மாண்டரின்மேல் கோடு போடத்தான் இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. யார் வம்புக்கும் போகாத மீன். 'எல்லோருடனும் ஒத்துப்போகும்' என்று எந்த அட்டவணையைப் பார்த்தாலும் இருக்கும். ஆனால் பாறை இடுக்கில் ஊர்கிற கோபிபாட் என்ற பொடி உயிரினங்களைத்தான் நாள் முழுக்கக் கொத்தித் தின்னும். புதுத் தொட்டியில் அவை அவ்வளவு இருக்காது. சண்டை சச்சரவே இல்லாமல் பட்டினியில் செத்துப்போகும். கோடு போட்டேன்.

மிஞ்சியவை: ஓசெல்லாரிஸ் கோமாளி மீன் இரண்டு, ஃபயர்ஃபிஷ் ஒன்று, ராயல் கிராமா ஒன்று, மஞ்சள் வாட்ச்மேன் கோபி ஒன்று.

ஜனவரி 10

ஏன் இந்த நாலு இனம் என்று மனைவி கேட்டாள். தொட்டியை மாடி வீடு மாதிரி நினைத்துக்கொள் என்றேன். கோமாளிகளுக்கு மேல் மூலை. ஃபயர்ஃபிஷ் நடுத்தண்ணீரில் மிதக்கும். கிராமாவுக்குக் குகை. கோபிக்கு மணல். ஒருத்தர் வாசலில் இன்னொருத்தர் நிற்க வேண்டியதில்லை. ஒரே உருவம், ஒரே நிறம், ஒரே பொந்து என்றால்தான் அடிதடி.

கடைக்காரர் டாம்சல் மீனில் ஆரம்பிக்கச் சொன்னார். "எதையும் தாங்கும் சார்." தாங்கும்தான். ஆனால் முதலில் குடிபுகுந்த டாம்சல் தொட்டி முழுக்கத் தன்னுடையது என்று நினைத்துக்கொள்ளும். அப்புறம் வருகிறவர்களை யார் தாங்குவது?

ஜனவரி 13

இரண்டு கோமாளியும் ஃபயர்ஃபிஷும், நோய் இருக்கிறதா என்று பார்க்க நாலு வாரம் தனிமைத் தொட்டியில். அறுபது லிட்டர், மணல் கிடையாது. ஒளிந்துகொள்ள மூன்று பிளாஸ்டிக் குழாய்த் துண்டு. வெள்ளைப்புள்ளி நோய் ஒருமுறை பெரிய தொட்டிக்குள் வந்துவிட்டால், எல்லா மீனையும் வெளியே எடுத்து இரண்டு மாதத்துக்கு மேல் காலியாகப் போட வேண்டும். அதற்கு இந்த நாலு வாரம் தேவலாம்.

பிப்ரவரி 10

கூச்ச சுபாவிக்கு முதல் இடம்: ஃபயர்ஃபிஷ் உள்ளே போனது. பாறைக்குப் பின்னால் ஒரு மணி நேரம் காணோம். பிறகு வந்து நடுவில் நின்று, முதுகில் அந்த நீளத் துடுப்பை ஆட்டி ஆட்டிக் காட்டியது. மிரண்டால் துள்ளி வெளியே விழுகிற மீன். மேலே வலை போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 17

கோமாளிகள் போயாயிற்று. வாங்கும்போதே ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று பார்த்துத்தான் எடுத்தேன். எல்லாக் குஞ்சும் ஆணாகத்தான் பிறக்கும். மூத்தது பெண்ணாக மாறிக்கொள்ளும். சம அளவில் எடுத்தால் யார் மூத்தவர் என்று முடிவாகும்வரை கடித்துக்கொள்ளும். இங்கே சண்டையே இல்லை. பெரியது பக்கத்தில் வந்தாலே சின்னது ஒருக்களித்துப் படுத்து உடம்பை வெடவெடவென்று நடுக்குகிறது. 'நீங்கதான் பெரியவங்க' என்று அர்த்தமாம். கடலில் இவை குடியிருக்கும் அனிமோன் வைக்கவில்லை. அது இல்லாமலே ஹீட்டர் பக்கத்து மூலையைப் பிடித்துக்கொண்டன.

பிப்ரவரி 18

ராயல் கிராமா வந்தாச்சு. முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள். தனிமைத் தொட்டியில் தனியாக இருக்கிறது. தங்கமான பிள்ளை.

மார்ச் 17

கிராமா பெரிய தொட்டிக்குப் போயிற்று. நேராக இடதுபக்கக் குகை. நான் நினைத்த அதே இடம்.

மார்ச் 19

ராத்திரி 'டப்' என்று சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் ஃபயர்ஃபிஷ் மேலே வலையில் மோதி விழுந்திருக்கிறது. முதுகுத் துடுப்பு பாதி கிழிசல். ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு மூச்சு வாங்குகிறது. கிராமா குகையிலிருந்து அம்பு மாதிரி வந்து இடித்துவிட்டுப் போகிறது. கிராமாவுக்கு இவ்வளவு ஆங்காரம் கிடையாதே?

மார்ச் 20

டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாகக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம். கிராமாவின் முதுகுத் துடுப்பு தொடங்கும் இடத்தில் ஒரு கரும்புள்ளி இருக்க வேண்டும். இல்லை. கண்ணை ஊடுருவி ஒரு கறுப்புக் கோடு போக வேண்டும். அதுவும் இல்லை. ஊதாவும் மஞ்சளும் சந்திக்கும் இடத்தில் புள்ளி புள்ளியாகக் கலந்திருக்க வேண்டும். இங்கே ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஊதா முடிகிறது, மஞ்சள் தொடங்குகிறது.

இரு நிற டாட்டிபேக். அச்சு அசல் கிராமா வேஷம், குணம் நேர் எதிர். கடைக்காரர் சொன்னார், நானும் நிறத்தைப் பார்த்து மயங்கி வாங்கினேன். நாலு வாரம் தினம் இரண்டு வேளை தீனி போட்ட எனக்குமா தெரியவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். தனியாக இருந்தவரை சண்டை போட அதற்கு ஆள் ஏது?

மார்ச் 22

பாறைகளைக் கலைத்து அடுக்கினேன். எல்லை குழம்பினால் திமிர் அடங்கும் என்பார்கள். ஒரு நாள் அடங்கியது. வெளிக்கண்ணாடியில் முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டி வைத்தேன். தன் பிம்பத்தோடு சண்டைக்கு நின்றது. எடுத்ததும் பழைய குருடி கதவைத் திறடி.

மார்ச் 26

வலையால் பிடிப்பது நடக்காது, பாறையை மொத்தமும் பிரிக்க வேண்டும். ஒரு லிட்டர் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே இறால் துணுக்கு போட்டுக் குகை வாசலில் வைத்தேன். முதல் நாள் பெரிய கோமாளி மாட்டியது. இரண்டாம் நாள் மறுபடி பெரிய கோமாளி. ஒரு வேளை அதற்கு அது ஓட்டலாகத் தெரிகிறதோ என்னவோ. இன்று விடிகாலை டாட்டிபேக் உள்ளே. கடையில் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். இது ஒன்றும் கெட்ட மீன் இல்லை, முரட்டு மீன்கள் உள்ள பெரிய தொட்டிக்குப் போனால் ராஜா.

ஏப்ரல் 28

நிஜ கிராமா. இந்த முறை கரும்புள்ளியைப் பார்த்த பிறகுதான் பையைக் கையில் வாங்கினேன். அதே இடதுபக்கக் குகை. கூரையைத் தரை என்று நினைத்து வயிற்றை மேலே திருப்பிக்கொண்டு நீந்துகிறது. ஃபயர்ஃபிஷ் பக்கத்தில் போனால் வாயைத் திறந்து மிரட்டுகிறது, அவ்வளவுதான், விரட்டவில்லை. கிழிந்த துடுப்பு ஏறக்குறைய வளர்ந்துவிட்டது.

மே 26, ஞாயிறு

கோபியும் அதன் கூட்டாளி சொடக்கு இறாலும் குடிவந்தன. இறாலுக்குக் கண் பார்வை மங்கல். அது மணலை வாரி வாரி வெளியே தள்ளுகிறது, கோபி வாசலில் காவல். இறாலின் ஒரு மீசை எப்போதும் கோபியின் உடம்பில் பட்டபடி இருக்கிறது. நான் விரலை நீட்டினேன், கோபி வாலை ஒரு வெட்டு வெட்டியது, இரண்டும் பொந்துக்குள். ராத்திரி இறாலின் சொடக்குச் சத்தம் கேட்டுக் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டதோ என்று மனைவி எழுந்து வந்துவிட்டாள்.

மகள் பழைய பட்டியலைத் தேடி எடுத்து, மாண்டரின்மேல் நான் போட்ட கோட்டை ரப்பரால் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். பேனாக் கோடு, போகவில்லை.