26 மாத்திரை

ஆகஸ்ட் 31
மூணாவது நாள். தம்பிக்குக் காய்ச்சல் 104. டெங்கு இல்லையாம், ஆனால் பிளேட்லெட் 38 ஆயிரம். "வைரல்தாம்மா, ரெண்டு நாள்ல விட்டுரும்" என்கிறார்கள். குளுக்கோஸ் ஏறிக்கொண்டே இருக்கிறது.

செப்டம்பர் 1
கண் மஞ்சள் பூத்திருக்கிறது. என்னை "அம்மா" என்று கூப்பிட்டான்.

செப்டம்பர் 2, கோயம்புத்தூர்
விடியுமுன் ஆம்புலன்ஸில் வந்து சேர்ந்தோம். இங்கே தொற்றுநோய்க்கென்றே ஒரு டாக்டரம்மா. அப்படி ஒரு படிப்பு இருப்பதே இன்றுதான் தெரியும். வந்ததும் கேட்டார், "தம்பி எந்த ஊர்ல வேலை பார்க்கறாப்ல?"

ஆப்பிரிக்காவுல கானாங்க, ரிக் வண்டியில.

திருச்செங்கோட்டுப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தன் போர் வண்டியோடு எங்காவது கிடப்பான். அதைச் சொல்ல வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

என்றைக்கு வந்து இறங்கினான்? ஆகஸ்ட் 19. எங்கே படுத்தான், கொசுவலை கட்டினானா, ஆற்றில் குளித்தானா, தங்கின இடத்தில் எலி உண்டா, கூட இருந்தவர்களுக்குக் காய்ச்சல் வந்ததா? கால் மணி நேரம் விடாமல் கேட்டார். நாலு நாளில் இதில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லையே.

"கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல ஊசி போட்டிருக்குங்க, மஞ்சள் அட்டைகூட இருக்கு" என்றேன்.

"அது மஞ்சள் காய்ச்சலுக்கும்மா. மலேரியாவுக்கு அது கேக்காது."

ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்துவிட்டார்கள். ஃபால்சிபாரம், மலேரியாவிலேயே மோசமான வகையாம். நூறு சிவப்பணுவில் ஏழில் கிருமி.

அதே நாள், இரவு
ஆர்ட்டிசுனேட், மலேரியாவுக்கான ஊசி மருந்து. சின்னக் குப்பியில் வெள்ளைப் பொடி. மருந்துத் தண்ணீர் விட்டு, கலங்கல் தெளியும்வரை நர்ஸ் அதை உள்ளங்கையில் உருட்டினார். முதல் ஊசி, 12 மணி நேரத்தில் ஒன்று, 24இல் ஒன்று. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 3
ஏழு, மூணாகிவிட்டது.

செப்டம்பர் 4
ஒன்றுக்கும் கீழே. "அக்கா, தண்ணி" என்றான்.

செப்டம்பர் 5
துணி எடுக்க அவன் பையைத் திறந்தேன். மலேரியா வராமலிருக்கக் கொடுத்த டாக்ஸிசைக்ளின் அட்டைகள். 26 மாத்திரை அப்படியே இருக்கிறது.

செப்டம்பர் 7
டாக்டரம்மாவிடம் கேட்டேவிட்டேன். கடித்த கொசு கொடுத்த கிருமி முதலில் ஈரலில் போய் உட்காருமாம். அந்த மாத்திரைக்கு அங்கே அவ்வளவு வேலை இல்லை. கிருமி ரத்தத்துக்கு இறங்கும்போதுதான் பிடிக்கும். அதனால்தான் ஊர் திரும்பியும் 4 வாரம் போடச் சொல்வது. கொடுத்தது 28. நெஞ்செரிச்சல் என்று சுருண்டு படுத்தவனிடம், "அதான் ஊருக்கு வந்தாச்சே, இன்னும் எதுக்குடா இந்தக் கருமம்" என்று சொன்னது நான். இன்னும் அவரிடம் இதைச் சொல்லவில்லை. அம்மாவிடமும்.

செப்டம்பர் 9
வீட்டுக்குப் போகலாம். ஊசிக்குப் பிறகு தந்த மலேரியா மாத்திரையைப் பாலோடு கொடுத்து முடித்தாயிற்று. கொழுப்புச் சேர்ந்தால்தான் உடம்பில் பிடிக்குமாம். கடைசியாக ஒரு வேளை பிரைமாகுயின். இவன் ரத்தத்திலிருந்து நம்ம ஊர்க் கொசு எடுத்துக்கொண்டு போகாமல் இருக்க. வாராவாரம் ரத்தம் பார்க்க வேண்டும், 4 வாரம். ஆர்ட்டிசுனேட் போட்டவர்களில் சிலருக்குக் கிருமி போன பிறகும் சிவப்பணு உடையுமாம்.

அம்மா மலைக்குப் படியேறுவதாக வேண்டியிருக்கிறாள்.

செப்டம்பர் 16
ஹீமோகுளோபின் 9.4. போன வாரம் 10.8.

செப்டம்பர் 17
இருபத்தாறு.

செப்டம்பர் 18
அவனிடம் சொன்னேன். "நீ சொல்லலைன்னாலும் நிறுத்தியிருப்பேன் அக்கா" என்றான். என்னைத் தேற்றத்தான் சொல்கிறான். அவன் உதடு வெளுத்திருக்கிறது.

செப்டம்பர் 19
காலையில் சிறுநீர் டிகாக்‌ஷன் நிறம். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன், உடனே கிளம்பி வரச் சொன்னார். கார் வந்துவிட்டது.