ரத்த தானத்துக்கு நாள் பார்த்த கதை

எங்கள் ஏரியாவில் கோயில், மசூதி, சர்ச் மூன்று பக்கத்துப் பையன்களும் சேர்ந்து ரத்த தான முகாம் நடத்துகிறார்கள். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வங்காளம், ஜார்க்கண்ட் என்று எங்கிருந்தோ வருகிறார்கள். அவசரத்துக்கு ரத்தம் கொடுக்கச் சொந்தக்காரர் யார் இருக்கிறார் இங்கே?

எல்லாம் சரி, தேதி குறிக்கத்தான் படாதபாடு. ரம்ஜானில் பகல் முழுக்க நோன்பு, வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்கக் கூடாது. தவக்காலத்து வெள்ளி வேண்டாம் என்றார் பாஸ்டர். ஆடியில் கூழ் ஊற்றும் வேலை. வைகாசி முதல் தேதி என்றால் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள்.

கடைசியில் மசூதி இமாம் ஹஜ்ரத்தான் காலண்டரை வாங்கி வைத்துக்கொண்டு கேட்டார்: "ஆம்பளைங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவை, பொம்பளைங்க நாலு மாசத்துக்கு ஒரு தடவைதானே கொடுக்கலாம்? அப்புறம் எதுக்கு ஒரே நாள்? முறை வெச்சுக்கலாமே!" அத்தோடு பஞ்சாயத்து முடிந்தது. பந்தல் கோயிலுடையது, நாற்காலி சர்ச்சுடையது, டீ மசூதிப் பக்கம். (டீயில் சர்க்கரை ரொம்ப அதிகம், அதைச் சொல்லியே ஆக வேண்டும்.)

அடுத்த முறை சர்ச் ஹாலில். 18 வயது ஆகி, எடை 45 கிலோவுக்குக் குறையாமல் இருந்தால் வாங்க. சாப்பிட்டுட்டு வாங்க.