மீனுவின் கண்ணில் களிம்பு

மயக்கம் முழுதாகத் தெளியாத மீனுவைத் துண்டில் சுற்றி என் மடியில் வைத்தார் டாக்டர். கண்ணோரம் பசையாக ஏதோ மினுங்கியது. பதறிப்போய்க் கேட்டேன்.

"மயக்கத்துல பூனை கண்ணை மூடாதும்மா, இமைக்காது. காய்ஞ்சிடக் கூடாதுன்னு களிம்பு போட்டிருக்கேன்."

கருத்தடை என்றால் வயிற்றில் நாலு தையல், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

காலையில் எடை பார்த்த பிறகுதான் மயக்க மருந்தின் அளவையே குறித்தார். வலிக்குத் தனியாக ஊசி. உடல் சூடு இறங்கிவிடும் என்று பக்கத்தில் வெந்நீர் பாட்டில், அதுவும் சுடாமல் இருக்கத் துணி சுற்றி.

கிளம்பும்போது, "வலிக்குதேன்னு பாராசிட்டமால் மட்டும் கொடுத்துடாதீங்க. பூனைக்கு அது விஷம்" என்றார். பூனை வளர்ப்பவர்கள் தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள்.

இப்போது என் காலடியில் தூங்குகிறாள். இன்னும் 10 நாள் தையலை நக்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.