நான் படிக்காமல் போட்ட கையெழுத்து

நியூஜெர்சிக்கு வந்த முதல் ஆகஸ்டில், மகளின் பள்ளிக்காக நான் போட்ட கையெழுத்துகளுக்குக் கணக்கில்லை. தடுப்பூசிப் படிவம், பேருந்துப் படிவம், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற படிவம், புகைப்படம் எடுக்க அனுமதி. பேனாவுக்கு வேலையே இல்லை. பெற்றோருக்கான இணையதளத்தில் பக்கத்தைக் கடைசிவரை உருட்டி, கட்டத்தில் டிக் அடித்து, பெயரைத் தட்டச்சு செய்தால் போதும். வீட்டில் பாதிப் பெட்டிகள் பிரிக்காமலே கிடந்தன. ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்தேன்.

அவற்றில் ஒன்று 'அக்செப்டபிள் யூஸ் பாலிசி'. பள்ளி தரும் குரோம்புக் என்ற சிறு மடிக்கணினியையும் இணையத்தையும் எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்ற விதிகள், ஒன்பது பக்கம். முதல் பத்தியைக்கூட நான் முடிக்கவில்லை. ராங்க் கார்டில் என் அப்பா கையெழுத்துப் போட்ட மாதிரிதான் நானும் போட்டேன். பள்ளிக்கூடம் கேட்கிறது, போட வேண்டியதுதானே. வாத்தியார் நீட்டும் தாளைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்து வளர்ந்தவள் நான்.

கடைசிப் பக்கத்தில் இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று பெற்றோருக்கு, இன்னொன்று மாணவருக்கு. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் பெயரையும் நானே தட்டச்சு செய்தேன். அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

செப்டம்பரில் அவள் குரோம்புக்கோடு வீட்டுக்கு வந்தபோது எனக்கு ஏற்பட்ட பூரிப்பைச் சொல்லியே ஆக வேண்டும். நான் படித்த பள்ளியில் கம்ப்யூட்டர் லேபுக்குள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவோம். ஒரு கணினிக்கு மூன்று பேர். வாரத்துக்கு ஒரு பீரியட். அதிலும் என் கை கீபோர்டில் பட்டது கொஞ்ச நேரம்தான். பிறகு 2011இல் தமிழ்நாட்டு அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது என் அக்கா மகனுக்கு ஒன்று கிடைத்தது. அது அவனுடையது. கல்லூரிக்கும் அதைத்தான் எடுத்துப் போனான். அதனால் மகள் கையில் குரோம்புக்கைப் பார்த்ததும், இவளுக்கும் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். இது அப்படிக் கிடைத்த பொருள் அல்ல. பள்ளியின் பொருளை அவள் சுமந்து வருகிறாள், அவ்வளவுதான். அந்த வித்தியாசம் எனக்கு உறைக்க ஆறு மாதம் ஆனது.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம் பள்ளியிலிருந்து போன் வந்தது. வைஸ் பிரின்சிபல் பேசினார். மகள் பத்திரமாக இருக்கிறாள் என்று முதலில் சொன்னார். பிறகு, அவள் பள்ளிக் கணக்கில் எழுதிய ஒரு வாக்கியத்தைக் கண்காணிப்பு மென்பொருள் எச்சரிக்கையாக அனுப்பியிருக்கிறது, நீங்கள் நேரில் வர முடியுமா என்று கேட்டார். போனை வைத்ததும் எனக்கு முதலில் தோன்றியது விசா. பிள்ளை என்ன செய்தாள் என்பதற்கும் முன்னால் அந்தப் பயம்தான் வந்தது. வேலை விசாவில் வந்த குடும்பங்களுக்கு இது புரியும்.

அறிவியல் பாடத்தில் அவளும் ஒரு தோழியும் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்துகொண்டிருந்தார்கள். இருவரும் ஒரே கூகுள் டாக்கில், அதாவது பலர் சேர்ந்து எழுதும் இணைய ஆவணத்தில், எழுதினார்கள். இந்த வயதுப் பிள்ளைகள் அந்த டாக்கின் ஓரத்திலேயே அரட்டையும் அடிப்பார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. பள்ளியில் அரட்டைச் செயலிகள் அடைக்கப்பட்டிருப்பதால் பிள்ளைகள் கண்டுபிடித்த வழி அது. தோழி தன் பங்கை முடிக்கவில்லை. என் மகள் ஆங்கிலத்தில் எழுதினாள்: இன்றைக்குள் முடிக்கவில்லை என்றால் உன்னைக் கொன்றுவிடுவேன்.

அந்த வரியை அச்செடுத்த தாளை மேசையில் வைத்து என்னிடம் காட்டினார்கள். பக்கத்தில் கவுன்சலரும் இருந்தார். நியூஜெர்சியில் 2022இல் வந்த ஒரு சட்டத்தின்படி, மாணவர்கள் விடுக்கும் மிரட்டல்களை ஆராய ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் (அந்தப் பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) ஒரு குழு இருந்தாக வேண்டும். பள்ளிகளில் துப்பாக்கிச் சூடுகளைப் பார்த்த நாடு இது. இப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் யாரும் சும்மா கடந்து போக முடியாது. அது எனக்குப் புரிந்தது. அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்பதும் புரிந்தது.

அது என் வாக்கியம். 'பாலைக் குடிக்காம எந்திரிச்ச, கொன்னுடுவேன்.' 'ரோட்ட பாக்காம ஓடுன, கொன்னே போட்டுடுவேன்.' தினமும் நான்கைந்து முறை அவள் காதில் விழுவது. என் அம்மா என்னிடம் சொன்னது, நான் அவளிடம் சொல்வது. எங்கள் வாயில் அது மிரட்டலாக ஒருநாளும் இருந்ததில்லை. அதை அவள் அப்படியே ஆங்கிலத்தில் தூக்கி வைத்துவிட்டாள்.

இதை நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். கவுன்சலர் நிதானமாகக் கேட்டார். தோழியிடமும் அவர் ஏற்கெனவே பேசியிருந்தார். அந்தப் பெண் பயப்படவில்லை. 'நீங்கள் சொல்வதை நம்புகிறேன். ஆனால் எழுத்தில் அவள் குரல் இல்லை. படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்?' என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இடைநீக்கம் எதுவும் இல்லை. ஒரு வாரம் குரோம்புக்கை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்பதோடு விட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எனக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்டிருக்கலாம். மத்திய அரசின் நிதி பெறும் பள்ளிகள், ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோருக்குப் புரியும் மொழியில் விஷயத்தைச் சொல்லக் கடமைப்பட்டவை. 1964ஆம் ஆண்டுச் சிவில் உரிமைச் சட்டத்திலிருந்து வரும் கடமை இது. பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்லி ஒப்பேற்றத் தேவையில்லை. எனக்கு ஆங்கிலம் தெரியும் என்ற கூச்சத்தில் நான் கேட்கவில்லை. ஆனால் சமையலறையில் பேசும் ஆங்கிலம் வேறு, பிள்ளைக்காக வாதாடும் ஆங்கிலம் வேறு. கேளுங்கள்.

காரில் திரும்பும்போது மகள் அழவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் பேசினாள். 'நீ தினமும் சொல்றதத்தானேம்மா எழுதினேன்?' பிறகு, 'அது எங்க ரெண்டு பேரோட டாக். வேற யாரும் படிப்பாங்கன்னு எனக்குத் தெரியாது.'

அன்று ராத்திரி அந்த ஒன்பது பக்கத்தையும் திறந்தேன். நான்காம் பக்கத்தில் தெளிவாக இருந்தது: பள்ளிக் கணக்கில் எழுதுவது, தேடுவது, சேமிப்பது எதிலும் மாணவர் அந்தரங்கத்தை எதிர்பார்க்க முடியாது. அவளுக்குத் தெரியாது என்பது உண்மை. தெரியும் என்று அவள் பெயரில் எழுதிக் கொடுத்தவள் நான்.

அந்த வாரம் முழுக்க, சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் உட்கார்ந்து ஒரு நாளுக்கு இரண்டு பக்கம் படித்தோம். நான் தமிழில் சொல்வேன், அவள் திருத்துவாள். 'கணினியைப் பயன்படுத்துவது உரிமை அல்ல, சலுகை' என்ற வரியில் ரொம்ப நேரம் நின்றோம். வீட்டுப்பாடம் முழுக்க அதில்தான் செய்ய வேண்டும் என்றால் அது எப்படிச் சலுகை ஆகும் என்று கேட்டாள். நியாயமான கேள்வி என்றேன். இன்னமும் அப்படித்தான் நினைக்கிறேன். கடவுச்சொல்லைத் தோழிக்கும் தரக் கூடாது என்பதற்கு அவளுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. அடுத்தவர் எழுதியதை எடுத்துத் தன் பெயரில் போடக் கூடாது என்பதற்கும் அப்படித்தான். தளங்களை அடைக்கும் வடிகட்டியைத் தாண்டிப் போக விபிஎன் என்ற மறைப்புச் செயலி போடக் கூடாது என்ற வரி வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் துருவவில்லை.

எனக்குத்தான் கேள்விகள் வளர்ந்தன. இந்தத் தாள் எங்கிருந்து வருகிறது? தேடியபோது கிடைத்த முதல் பெயர் சீபா, அதாவது குழந்தைகள் இணையப் பாதுகாப்புச் சட்டம். 2000 டிசம்பரில் வந்தது. இணையக் கட்டணத்தில் மத்திய அரசின் 'ஈ-ரேட்' சலுகை பெறும் பள்ளிகள் ஆபாசப் படங்களைத் தடுக்கும் வடிகட்டி வைக்க வேண்டும். இணையப் பாதுகாப்புக் கொள்கை ஒன்றை எழுதி வைக்க வேண்டும். மாணவர்கள் இணையத்தில் என்ன செய்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். 2008இல் இன்னொரு சட்டம், இணையத்தில் பிறரிடம் எப்படி நடந்துகொள்வது என்று கற்றுத்தரவும் வேண்டும் என்றது. ஆனால் ஒவ்வொரு மாணவரும் எங்கெங்கே போனார் என்று தடம் பிடித்து வைக்கச் சொல்லி சீபா கேட்கவில்லை. சொல்லுக்குச் சொல் அலசும் மென்பொருளை வாங்குவது அந்தந்த மாவட்டம் எடுக்கும் முடிவு. முடிவு என்றால் அதைப் பற்றிப் பேச இடம் இருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கொள்கையை ஏற்கும் முன் ஒரு பொதுக் கூட்டமாவது நடத்த வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது.

அடுத்து, நான் டிக் அடித்த இன்னொரு படிவத்தின் கதை. 2010இல் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில், லோயர் மெரியன் என்ற பள்ளி மாவட்டத்தின் மேல் ஒரு வழக்கு வந்தது. தொலைந்த மடிக்கணினிகளைக் கண்டுபிடிக்க வைத்திருந்த மென்பொருள், மாணவர்கள் வீட்டில் இருக்கும்போதும் கேமரா வழியாகப் படம் எடுத்திருந்தது. மாவட்டம் 6,10,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. 2013இல் நியூஜெர்சி ஒரு சட்டம் போட்டது: மாணவருக்குக் கணினி கொடுத்தால், அது தகவல்களைப் பதிவு செய்யக் கூடும் என்று எழுத்தில் சொல்ல வேண்டும், மாணவரின், அவரோடு அதே வீட்டில் வசிப்பவர்களின் அந்தரங்கத்தை மீறும்படி அதைப் பயன்படுத்த மாட்டோம் என்றும் அதில் இருக்க வேண்டும், பெற்றோர் படித்ததற்கு ஒப்புதல் தர வேண்டும். என்னைப் பாதுகாக்க எழுதிய தாள். அதையும் படிக்காமல்தான் தள்ளிவிட்டிருந்தேன்.

'அதே வீட்டில் வசிப்பவர்கள்' என்ற சொல்லில் எனக்கு இன்னொரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. எங்கள் வீட்டு மடிக்கணினி ஒருமுறை பழுதானபோது, என் கணவர் மகளின் குரோம்புக்கில் தன் மின்னஞ்சலைத் திறந்து விசாக் காகிதங்களைத் தரவிறக்கினார். வங்கிக் கணக்கையும் பார்த்தார். புதிதாக வந்த பல குடும்பங்களில் வீட்டில் இருக்கும் ஒரே நல்ல கணினி பிள்ளையின் பள்ளிக் கணினிதான். தயவுசெய்து அதில் குடும்ப வேலை எதையும் செய்யாதீர்கள். அவசரமென்றால் பொது நூலகத்துக்குப் போங்கள். அங்கே கணினி இலவசம்.

ஃபெர்ப்பா என்ற 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிள்ளையைப் பற்றிப் பள்ளி வைத்திருக்கும் கல்விப் பதிவுகளைப் பெற்றோர் பார்க்கலாம். கேட்ட 45 நாட்களுக்குள் காட்ட வேண்டும். நான் மின்னஞ்சல் அனுப்பினேன். வாழ்க்கையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நான் எழுதிய முதல் கேள்வி அது. அனுப்பிவிட்டு, கோபித்துக்கொள்வார்களோ என்று இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. மூன்றாம் நாள் சாதாரணமாகப் பதில் வந்தது. நேரில் வந்து பாருங்கள் என்றார்கள். பதிவில் அந்த ஒரு வரி மட்டும் இருந்தது. அது வீட்டுப் பேச்சின் மொழிபெயர்ப்பு, தோழி பயப்படவில்லை என்று எங்கள் விளக்கத்தையும் அதோடு சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார்கள்.

ஜூனில் பள்ளி மாவட்டத்தை நிர்வகிக்கும் கல்விக் குழுவின் பொதுக் கூட்டத்துக்குப் போனேன். பேச விரும்புபவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். தாளில் எழுதி வைத்துப் படித்தேன். மாணவர் கையெழுத்தைப் பெற்றோர் போட முடியாதபடி மாற்றுங்கள், பிள்ளைகள் வகுப்பில் படித்துவிட்டு அவர்களே போடட்டும் என்று கேட்டேன். வேறு மொழி பேசும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளின் சொற்களை மென்பொருள் பிடித்தால், தண்டனைக்கு முன்னால் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றும் கேட்டேன். குரல் நடுங்கியது. குறித்துக்கொண்டார்கள்.

இந்த செப்டம்பரில் மூன்றாம் வகுப்புக்குப் போகும் மகனுக்கும் குரோம்புக் வந்தது. படிவத்தை நான் திறப்பதற்குள் மகள் தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டாள். அவளுடைய பாதித் தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொன்னாள்.

'நீ இதுல என்ன எழுதினாலும் ஸ்கூல்ல படிக்கலாம்.'

'வீட்ல இருந்து எழுதினாலுமா?'

'வீட்ல இருந்து எழுதினாலும்தான்.'

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். அப்படியென்றால் அம்மாவுக்கு எழுதும் கடிதத்தை நோட்டில் எழுதிக்கொள்கிறேன் என்றான். பிறகு தன் பெயரை ஒற்றை விரலால், ஓர் எழுத்து விடாமல் தேடித் தேடித் தட்டச்சு செய்தான்.