கேணிப் படம்

யூலை 2
இண்டைக்கும் கீரிமலை. ஆம்பிளையளின்ர கேணிப் படியில இருந்து கீறினன். மதிலுக்கு அங்கால உப்புக் கடல், கேணிக்குள்ள நல்ல தண்ணி. தண்ணியின்ர பச்சை இடுப்புக்குக் கீழ எல்லா உடம்பையும் தின்னுது. தோளில வெயில் வெள்ளையா உடையுது. முங்கி எழும்பிற அந்த நொடிதான் எனக்கு வேணும்.

யூலை 3
அப்பா ஒண்டும் சாப்பிடேல்லை.

யூலை 6
நோர்வே ஓவியர் எட்வர்ட் முங்க்கின்ர 'குளிக்கும் ஆண்கள்' ஓவியம். நித்திரை வராட்டி அதைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன். 1907–08இல ஜேர்மனியின்ர வார்னமுண்ட கடற்கரையில வரைஞ்சது. 1911இல ஹெல்சிங்கியில இருக்கிற 'அதெனெயும்' கலைக்கூடம் வாங்கினது. நடுவில ரெண்டு பேர் கடலை விட்டு நேரா எங்களை நோக்கி நடந்து வருகினம். தசையில ஊதாவும் பச்சையும், தூரிகை போன தடம் அப்பிடியே கிடக்கு. இவ்வளவு திடகாத்திரமான உடம்புகளை வரைஞ்ச மனிசன் 1908 முடிய முதல் நரம்பு குழம்பி, கொப்பன்கேகனில ஒரு கிளினிக்கில கிடந்தவர். நினைக்கத் தொண்டை அடைக்குது.

யூலை 7
படத்தில தோள் இன்னும் காயேல்லை. ஒயில் பெயின்ற் தண்ணி மாதிரி ஆவியாகிக் காயாது; காத்தில இருக்கிற ஒட்சிசனைப் பிடிச்சுத்தான் இறுகும். தடிப்பாப் பூசினது கிழமைக்கணக்கில இழுக்கும். கீரிமலை நகுலேஸ்வரா, அந்தக் கிழமைகளைத் தா.

யூலை 10
அப்பாவைத் துடைச்சன். சுடுதண்ணி, துவாய். கையைத் தூக்க அக்குள் தோல் மடிஞ்சு தொங்குது. கழுத்தடியில, காறை எலும்புக்கு மேல ஒரு குழி. பிழிஞ்ச தண்ணி அதுக்குள்ள தேங்கி நிண்டது. முதுகின்ர அகலம் மட்டும் குறையேல்லை. 90 இடப்பெயர்வுக்கு முந்தி, இந்த முதுகைப் பிடிச்சுக்கொண்டுதான் கேணியில நீந்தப் பழகினனான்.
"தம்பி, கதவைச் சாத்து, கூதலடிக்குது."
வெளியில நல்ல வெயில்.

யூலை 11
பெயின்ற் கரைக்கிற ரேப்பன்ரைன் மணத்துக்கு அவருக்கு இருமுதாம். அக்கா சொன்னா. கன்வசை விறாந்தைக்கு மாத்தியாச்சு.

யூலை 15
"ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்கு ஆர் போறது?"
கேட்டது அப்பா. தன்ர அப்பாவுக்கு எள்ளுத் தண்ணி இறைக்க வருசம் தவறாமப் போறவர். அந்தப் பக்கம் ஆமியின்ர உயர் பாதுகாப்பு வலயமாக் கிடந்த காலத்தில மட்டும் போகேலாமப் போனது. தகப்பன் இருக்கிற மகன் அந்தத் தர்ப்பணம் குடுக்கக்கூடாது. நான் குடுக்கேலாது. குடுக்கேலாமலே இருக்கோணும்.

யூலை 16
நடுவில வாற ஆளுக்கு அந்தக் குழியை வச்சன். விளிம்பில பச்சை கலந்த மண்நிறம், மேல ஒரு கீற்று வெள்ளை. சரியா வந்திருக்கு! முகம்தான் மிச்சம். விடிய அப்பாவை விறாந்தைக் கதிரையில இருத்தோணும். ஏழு மணி வெளிச்சம் நல்லம், எட்டுக்குப் பிறகு மாமர நிழல் விழுந்திடும்.