1/72 அளவில் ஒரு நாட்: வேலை இதுவரை

கடையில் போய் நாட் (Gnat) என்ற பிரிட்டிஷ் ஜெட் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் கிட் வேண்டும் என்று கேட்டால், எடுத்து நீட்டுவது பெரும்பாலும் இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானமாகத்தான் இருக்கும். பிரிட்டனின் ரெட் ஏரோஸ் சாகசக் குழு 1965 முதல் 1979 வரை சிவப்பு அடித்துப் பறக்கவிட்டது அதைத்தான். ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் 1/72 கிட்டும், அதாவது நிஜ அளவில் 72-ல் ஒரு பங்கு, அதேதான். எனக்கு வேண்டியது 1965 செப்டம்பர் இந்திய-பாகிஸ்தான் போரில் பதான்கோட்டிலிருந்து கிளம்பிய ஒற்றை இருக்கைப் போர் விமானம்.

பயிற்சி விமானக் கிட்டை வாங்கி, பின் இருக்கையை அடைத்துவிட்டால் ஆச்சு என்று சொல்கிறவர்கள் உண்டு. அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்ததும் அந்த ஆசையை விட்டுவிட்டேன். போர் விமானத்தின் இறக்கை விரிப்பு 6.73 மீட்டர், பயிற்சி விமானத்துக்கு 7.32. நீளம் 8.74-க்கு எதிரே 9.68. போதாததற்கு இறக்கையின் பின்விளிம்பே வேறு. போர் விமானத்தில் ஐலரான்கள் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைத் தகடுகள்) உடம்பை ஒட்டி உட்புறம் இருக்கும், தரையிறங்கும்போது அவையே தாழ்ந்து, வேகம் குறைந்தாலும் விமானத்தைத் தாங்கும் ஃபிளாப் வேலையையும் பார்க்கும். பயிற்சி விமானத்தில் ஐலரான் வெளிப்புறம், ஃபிளாப் தனியாக உட்புறம். வாலும் பெரிசு. அத்தனையையும் அறுத்து ஒட்டி முடிக்கும்போது, கையில் மிஞ்சும் அசல் பிளாஸ்டிக் மூக்கு மட்டுமாகத்தான் இருக்கும். கடைசியில் செக் நாட்டில் தயாரான ஷார்ட் ரன் (கொஞ்ச எண்ணிக்கையில் மட்டும் வார்க்கும்) கிட் ஒன்றை, விலை கொஞ்சம் கூடவே இருந்தாலும், வரவழைத்தேன்.

வைகாசிக் கடைசி

ஷார்ட் ரன் கிட் பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாகங்களைச் சேர்க்க முளையும் குழியும் இருக்காது. ஓரங்களில் பிசிறு இருக்கும். பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவிலிருந்து வெட்டியதும் ஒட்டலாம் என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு பாகத்தையும் உப்புத்தாளில் தேய்த்து, வெறுமனே பொருத்திப் பார்த்து, மறுபடி தேய்த்து, அப்புறம்தான் பசை. எனக்கு இந்த வேலை பிடிக்கும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கிண்ணம் தண்ணீரும் 600 நம்பர் தாளும் இருந்தால் போதும்.

பாகங்களைத் தேய்க்கும்போதுதான் இந்த விமானம் எவ்வளவு சின்னது என்பது கைக்கு உறைக்கிறது. முழு உடம்பும் 12 சென்டிமீட்டர். இரண்டு இறக்கையும் சேர்ந்து 9.3. அந்தப் போரில் எதிரே பறந்த பாகிஸ்தானின் அமெரிக்கத் தயாரிப்பு சேபர் விமானத்தின் இறக்கை, இதே அளவில், 15.7 சென்டிமீட்டர் வரும். புத்தகங்களில் "இலகு ரகப் போர் விமானம்" என்று எத்தனை முறை படித்திருந்தாலும், இரண்டு உருவப்படங்களையும் தாளில் வெட்டி ஒன்றின்மேல் ஒன்றை வைத்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

இதை வடிவமைத்தவர் டெடி பெட்டர். லைசாண்டர், கேன்பெரா விமானங்களை வரைந்த அதே மனிதர். போர் விமானங்கள் ஆண்டுக்கு ஆண்டு கனத்து, விலை ஏறி, சிக்கலாகிக்கொண்டே போவதில் அவருக்கு உடன்பாடு இல்லை. ஃபாலண்ட் நிறுவனத்துக்கு வந்து, எதெல்லாம் இல்லாமல் பறக்க முடியும் என்ற கேள்வியிலிருந்து ஆரம்பித்தார். முன்னோடியான மிட்ஜ் 1954 ஆகஸ்ட் 11-லும், நாட் 1955 ஜூலை 18-லும் முதன்முதலாகப் பறந்தன. பிரிட்டிஷ் விமானப்படை இதைப் போர் விமானமாக ஏற்கவில்லை, பயிற்சிக்கு மட்டும் எடுத்துக்கொண்டது. ஃபின்லாந்து 13 வாங்கியது. 1956-ல் உரிமம் பெற்று, பெங்களூரு எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் தானே கட்டிப் பறக்கவிட்டது இந்தியாதான். சொந்த ஊர் மதிக்காத பிள்ளை வந்த இடத்தில் பேர் வாங்கிய கதை.

ஆனி

காக்பிட் சீக்கிரம் முடிந்தது. உள்ளே கறுப்புச் சாம்பல், கருவிப் பலகைக்கு டீகால் (தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் அச்சுப்படம்), இருக்கையில் பெல்ட்டுக்கு மாஸ்கிங் டேப் கீற்று. மேலே கண்ணாடி மூடி போட்டுவிட்டால் பாதி தெரியாது, அதற்குமேல் மெனக்கெடுவது வீண்.

மெனக்கெட வேண்டிய இடம் மூக்கு. மூன்று சக்கரத்தில் நிற்கும் மாடலுக்கு முன்பக்கம் கனம் போதாவிட்டால் வால் தரையில் உட்கார்ந்துவிடும். நாட் விமானத்தின் மூக்கோ சுண்டுவிரல் நுனி அளவுதான், ஈயம் வைக்க இடமே இல்லை. கோயம்புத்தூர் உக்கடம் பக்கம் தூண்டில் சாமான் விற்கும் கடைக்குப் போனேன்.

"என்ன மீனுக்குங்க?"

"மீனுக்கில்லீங்க, ஏரோப்ளேனுக்கு. இருக்கறதுலயே சின்ன குண்டாக் குடுங்க."

ஒரு நொடி பார்த்தார். "பறக்கறதுக்கு ஈயம் எதுக்குங்க?" என்று கேட்டுக்கொண்டே நிறுத்துக் கொடுத்தார். நியாயமான கேள்விதான்.

உடம்பின் இரண்டு பாதிகள், இறக்கை, வால் எல்லாவற்றையும் பேப்பர் டேப் போட்டுச் சேர்த்து, பின் சக்கரங்கள் வரும் இடத்தின் கீழே ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்தேன். மூக்கின் மேல் ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போக, ஒரு கட்டத்தில் வால் மெல்ல எழும்பி மூக்கு சாயும். அதற்குமேல் இரண்டு குண்டு கூடுதல். நுனியில் கொள்ளாததைச் சுத்தியால் தட்டித் தகடாக்கி, காக்பிட் தரையின் அடியிலும் இருக்கையின் பின்சுவரிலும் ஒட்டினேன். ஒட்டுவதற்கு சூப்பர் க்ளூ அல்லது எப்பாக்சி. மர வேலைக்கான வெள்ளைப் பசை வேண்டாம். அதில் ஊறிய ஈயம் நாளாவட்டத்தில் வெள்ளையாகப் பூத்து, வீங்கி, ஒட்டிய உடம்பையே பிளந்துவிடும்.

என்னுடைய ஈயத்துக்கே இந்தப் பாடு என்றால், நிஜ விமானத்தில் இடத்துக்கு அடித்துக்கொண்டதைக் கேட்கவே வேண்டாம். எஞ்சின், எரிபொருள், சக்கரம், பீரங்கி எல்லாமே அந்த ஒல்லி உடம்புக்குள். சக்கரங்கள் இறக்கைக்குள் அல்ல, உடம்புக்குள்ளேயே மடங்கும். தனியாக ஏர்பிரேக் வைக்க இடமில்லாததால், பறக்கும்போது சக்கரக் கால்களைக் கதவோடு பாதி இறக்கி அதையே பிரேக்காக வைத்துக்கொண்டார்கள். இந்தச் சிக்கனம் எனக்குப் பிடித்த விஷயம். அதே நெருக்கடிதான் தொல்லையும் கொடுத்தது. ஹைட்ராலிக்ஸும் வால்பக்கக் கட்டுப்பாடும் பல ஆண்டுகள் படுத்தின, பீரங்கி நடுவில் சிக்கிக்கொள்ளும் புகார் 1965 போரிலும் தொடர்ந்தது. நாட் பற்றிய புத்தகங்களில் பாதி, வீரக் கதையோடு நின்றுவிடுகின்றன. தரைப் பணியாளர்களின் பாட்டை எழுதியவர்கள் கொஞ்சப் பேர்தான்.

இறக்கை ஒட்டுவதற்கு இரண்டு சாயங்காலம் ஒதுக்க வேண்டியிருந்தது. வெறும் விளிம்போடு விளிம்பு ஒட்டினால் தாங்காது. இறக்கை வேரில் பின் வைஸ் என்ற கைத்துளைப்பானால் இரண்டு துளை, 0.5 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி, எதிர்ப்புறம் உடம்பிலும் அதே இடத்தில் துளை. நாட் விமானத்தின் இறக்கை உடம்பின் மேல்பக்கமாக அமர்ந்து, நுனி சற்றுத் தாழ்ந்து சாயும். அந்தச் சாய்வு இரண்டு பக்கமும் ஒன்றுபோல வராவிட்டால் முன்னாலிருந்து பார்க்கும்போது அடிபட்ட குருவி மாதிரி இருக்கும். கெட்டி அட்டையில் முன்தோற்றத்தை வெட்டி எடுத்து, அதன் மேல் விமானத்தை உட்காரவைத்து, பசை காயும்வரை அப்படியே விட்டேன்.

காற்று உள்வாய்ப் பக்கம்தான் இந்த மாடலிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒவ்வொரு உள்வாயின் வெளிச்சுவரிலும் ஒரு 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கி. 30-ஐ 72-ஆல் வகுத்தால் 0.4 சொச்சம் மில்லிமீட்டர். கிட்டில் அந்த இடத்தில் லேசான பள்ளம் மட்டும் இருந்தது. மருந்துக் கடையில் 22 கேஜ் ஊசி வாங்கி, சிறு துண்டாக அறுத்து, முனையை உப்புத்தாளில் தட்டையாக்கிச் செருகினேன். அதன் உட்துளை கிட்டத்தட்ட அந்த அளவுக்கே வருகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் நிஜக் குழல்வாய் போலவே கறுப்பாக ஒரு புள்ளி.

ஆடி

எந்த விமானமாக முடிப்பது என்று நண்பர்கள் வட்டத்தில் விவாதம். விமானப்படையின் 18-ஆம் ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) விமானமாகச் செய் என்றார்கள் இங்கே பலர். காரணம் இருக்கிறது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் தளத்தைத் தாக்க வந்த ஆறு சேபர்களை எதிர்த்து, குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே நாட் விமானத்தில் மேலேறி, போராடி உயிர்விட்ட நிர்மல் ஜித் சிங் சேகோன் அந்த ஸ்குவாட்ரன்தான். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவரே. அதே ஸ்குவாட்ரன் 2020 மே 27-ல் தேஜஸ் விமானங்களோடு மறுபடி தொடங்கப்பட்டது நம்ம சூலூரில். நியாயமான ஆசைதான், இன்னொரு கிட் வாங்கி அதையும் செய்வேன். ஆனால் உருமறைப்பு வண்ணம் அடித்தால் இந்த விமானத்தின் கோடுகள் கண்ணுக்கு அடங்கிப் போகின்றன. முதல் நாட் மாடல் வெள்ளியாகத்தான் மின்ன வேண்டும் என்று, 1965-ல் பதான்கோட்டிலிருந்து பறந்த 23-ஆம் ஸ்குவாட்ரனுக்கே போய்விட்டேன்.

1965 செப்டம்பர் 3-இன் கதை தெரிந்ததுதான். இந்தியாவின் மிஸ்டீர் போர் விமானங்கள் ரேடார் கண்ணில் படும்படி உயரத்தில் இரைபோலப் போக, நாட் விமானங்கள் தரையை ஒட்டிப் பின்தொடர்ந்து சட்டென்று மேலேறின. டிரெவர் கீலர் ஒரு சேபரை வீழ்த்தியதாக இந்தியக் கணக்கு. அது அடிபட்டாலும் தளம் திரும்பிவிட்டது என்பது பாகிஸ்தான் தரப்பு. அதே நாள் ஸ்குவாட்ரன் லீடர் சிகந்த், கூட்டத்திலிருந்து பிரிந்து பாகிஸ்தானின் பஸ்ரூர் ஓடுபாதையில் இறங்கினார். அந்த விமானம் இன்றும் கராச்சி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இரண்டு நாட்டுப் புத்தகங்களையும் ஒன்றாக வைத்துப் படித்தால்தான் அந்த நாளின் முழு உருவம் கிடைக்கும். ஒரு பக்கம் மட்டும் படித்தால், சண்டையில் யாருமே அடிவாங்காதது போல இருக்கும்.

வெள்ளி அடிப்பதில் கோயம்புத்தூருக்கே உரிய தொல்லை, பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஆடியில் ஜன்னலைத் திறந்தால் தூசி. உலோக நிறத்துக்கு அடியில் பளபளப்பான கறுப்பு வேண்டும், அதில் ஒரு தூசி உட்கார்ந்தாலும் மேலே வெள்ளி வந்ததும் கொப்புளம்போலத் துருத்தும். அதனால் விடியற்காலை, காற்று கிளம்புமுன், குளியலறையில் தரையை நனைத்து வைத்துவிட்டு ஏர்பிரஷ் வேலை. கறுப்பு ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். அப்புறம் அலுமினிய லாக்கர், ஒரே மூச்சில் அடிக்காமல் புகைபோல மெல்லிய பூச்சாகப் பலமுறை. எஞ்சின் முடியும் பின்பக்கத் தகடுகளுக்கு அதே வெள்ளியில் ஒரு சொட்டுக் கறுப்பும் பழுப்பும் கலந்து தனியாக அடித்தேன். எல்லாத் தகடும் ஒரே நிறமாக இருந்தால் சில்வர் பாத்திரம்தான் ஞாபகத்துக்கு வரும்.

டீகால் வேலை பாதியில் இருக்கிறது. விமானப்படை வட்டச் சின்னத்தில் வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை. கிட்டோடு வந்த காவி, செங்கல் நிறத்துக்குப் பக்கம் போகிறது. வேறு இடத்தில் அச்சான தாள் ஒன்றை நண்பர் பெங்களூரிலிருந்து அனுப்பினார், அதில் நிறம் சரியாக இருக்கிறது. இறக்கையின் மேல் ஒன்று வைத்து, மென்மையாக்கும் திரவம் தடவியதும் சுருங்கி, கோடுகளுக்குள் இறங்கி, காய்ந்ததும் பெயிண்ட் அடித்ததுபோல ஆகிவிட்டது. மற்றதை அவசரமில்லாமல் செய்வேன்.

இறக்கைக்கு அடியில் வரும் எரிபொருள் டேங்குகளை மாட்டப் போவதில்லை. நிஜத்தில் அவை இல்லாமல் இந்த விமானம் அதிக தூரம் போகாது என்பது வேறு விஷயம். மாட்டினால் ஒல்லி உடம்பு மறைந்துவிடுகிறது.

பாக்கி இருப்பது மூடியின் விளிம்புக்கு வண்ணம், மூக்கு நுனியில் வேகம் அளக்கும் பிடோட் குழாய்க்கு கிட்டார் கம்பி, சக்கரக் கதவுகள். பக்கத்தில் நிறுத்த 1/72 சேபர் ஒன்றும் வந்து சேர்ந்திருக்கிறது. அது நல்ல கிட், முளையும் குழியும் ஒழுங்காக இருக்கின்றன. ஆவணி பிறந்து காற்று அடங்கியதும் ஆரம்பிக்கலாம். ஒரே ஒரு சந்தேகம், அதன் மூக்குக்கும் ஈயம் தேவைப்படும். உக்கடம் கடைக்காரருக்கு இந்தத் தடவை என்ன பதில் சொல்வது என்று யோசிக்க வேண்டும்.